கருகாத பத்து நிமிடம்

"சத்தியமா நான் அட்டையத் தொடவே இல்லீங்க மேடம்!"

குஞ்சிதபாதம் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறைதான். எதிரே உதவிப் பொறியாளர் ஹரிணி, மூன்று வாரத்து அட்டைகளை மேசையில் பரப்பி வைத்திருந்தாள்.

நெய்வேலி நகரியத்தின் அந்தச் சின்ன வானிலை ஆபீசில், மொட்டை மாடியில் கிழக்குச் சுவரை ஒட்டிய தூண் ஒன்றின் மேல் கண்ணாடி உருண்டை உட்கார்ந்திருக்கிறது. தூண் இடுப்பு உயரம்தான். வெயில் உருண்டை வழியாகக் குவிந்து, பின்னால் செருகிய அட்டையில் கருகலாக ஒரு கோடு இழுத்துக்கொண்டே போகும். மேகம் மறைத்தால் கோடு அறுந்துவிடும். அவ்வளவுதான் கருவி. தினமும் அந்த அட்டையை மாற்றுவதுதான் பதினான்கு வருஷமாகக் குஞ்சிதபாதத்தின் வேலை. இதுவரை அவர் மேல் ஒரு சொல் வந்ததில்லை. இப்போது வந்துவிட்டது.

"பாருங்கண்ணே. தினமும் எட்டு இருபதுக்குக் கோடு அறுந்துபோகுது. எட்டரைக்குத் திரும்ப ஆரம்பிக்குது. மாசி மாசத்துல, பொட்டு மேகம் இல்லாதப்போ, பத்தே பத்து நிமிஷம் மட்டும் வெயில் எங்க போகும்?"

"விமானங்க மேடம்."

"என்னது?"

"எட்டு இருபதுக்குக் கெழக்கால ஒரு விமானம் போவுதுங்க. சிங்கப்பூர் போறது. பின்னாலயே வெள்ளையாக் கோடு வுட்டுக்கினே போவும். அந்தக் கோடு அகலமாயி, பஞ்சப் பிரிச்சுப் போட்டாப்புல மேகமா ஆயிடுது. அதான் வெயில மறைக்குது."

ஹரிணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் போனை எடுத்துத் தேடினாள். சிரிப்பு நின்றது.

"அட, நெஜந்தான் போலிருக்கே! உசரத்துல இருக்கற குளிர்ல இன்ஜின் ஆவி உறைஞ்சு மேகமாப் பரவுமாம். வெயிலக்கூடக் குறைக்குமாம்."

குஞ்சிதபாதத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

"ஆனா, ஞாயித்துக்கிழமை அட்டை மூணுலயும் கோடு முழுசா இருக்கே? அன்னிக்கு விமானத்துக்கு லீவா?"

"இல்லீங்க, அன்னிக்கும் போவுது. வூட்டு வாசல்லேர்ந்து பாத்தேன்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வார விடுமுறை. அன்று அட்டையைப் பார்த்துக்கொள்வது கொளஞ்சிநாதன். ஆகமொத்தம், இவர் வராத நாளில் மட்டும் வெயில் ஒழுங்காக அடிக்கிறது! இது என்னடா கூத்து என்று அவருக்கே தலை சுற்றியது.

"எட்டு இருபதுக்கு நீங்க எங்க இருப்பீங்க?"

"மாடிலதாங்க."

"மாடில அந்நேரத்துக்கு என்ன வேலை?"

"அது... மழைமானியப் பாக்க."

"மாசி மாசத்துலயா?"



ஹரிணி குரலைத் தாழ்த்தினாள். "பெரிய சாருக்கு உங்க மேலதான்ணே சந்தேகம். நாளைக்குள்ள காரணம் தெரியலைன்னா உங்கள மைன்ஸ்ல பம்ப் வேலைக்கு மாத்திடுவேன்னு சொல்லிட்டார்."

 முட்டிவலியோடு தினமும் அவ்வளவு ஆழம் இறங்கி ஏறுவதைக்கூடச் சமாளித்துவிடலாம். பள்ளத்துக்குள் நின்றால் கிழக்கு வானம் தெரியாதே என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. அதை மேடத்திடம் சொல்ல முடியுமா?

மறுநாள் காலை எட்டு மணிக்கே ஹரிணி மாடிக்கு வந்துவிட்டாள். வானம் கழுவிவிட்டது போல் இருந்தது. உருண்டைக்குப் பின்னால் அட்டையிலிருந்து இழை மாதிரி புகை எழும்பிக்கொண்டிருந்தது. கோடு ஒழுங்காகத்தான் கருகியது.

எட்டு இருபது.

"தோ, வந்துடுச்சு மேடம்!"

குஞ்சிதபாதம் வழக்கம்போல் கிழக்குக் கைப்பிடிச் சுவர் ஓரம் போய் நின்றுகொண்டார். விமானம் பொட்டு மாதிரி தெரிந்தது. பின்னால் வெள்ளைக் கோடு நீண்டது.

"அண்ணே! புகை நின்னுடுச்சு! கோடு அறுந்துபோச்சு!"

"நாந்தான் சொன்னேனே மேடம்!" திரும்பிப் பார்க்காமலே கத்தினார். தப்பித்தோம் என்று நெஞ்சு குளிர்ந்தது.

"ஆனா விமானக் கோடு சூரியன்கிட்டகூட வரலையே. அது பாட்டுக்குத் தள்ளிப் போகுது. என் தலையில வெயில் சுள்ளுன்னு அடிக்குது. ஒண்ணுமே புரியலையே!"

அவருக்கும் புரியவில்லை. விமானமும் இல்லையென்றால் வேறென்ன? பம்ப் வேலை உறுதி என்று தோன்றிவிட்டது. ஆனாலும் கண்ணை வானத்திலிருந்து எடுக்கவில்லை.

 பின்னாலிருந்து ஹரிணி மெதுவாகக் கேட்டாள்.

"கைய எதுக்குண்ணே தூக்கி ஆட்டிக்கினு இருக்கீங்க?"

அவர் பேச்சில் வரும் 'க்கினு' அவள் வாயிலும் ஒட்டியிருந்தது. குஞ்சிதபாதம் வெடுக்கென்று கையை இறக்கினார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எம்பொண்ணு மணிமொழி நர்ஸ் வேலைக்குப் போயி மூணு வாரம் ஆவுதுங்க. இந்த விமானத்துலதான் போச்சு. அட்டைய வுட்டுட்டு எப்பிடிப் போறதுன்னு நான் ஏர்போர்ட்டுக்குப் போவல. அதான் தெனம்... அந்தக் கோடு கலையற வரைக்கும்..."

 ஹரிணி அவர் தோளைப் பிடித்து இரண்டடி இடப்பக்கம் நகர்த்தினாள். அட்டையிலிருந்து மறுபடி புகை எழும்பியது.

"இனிமே இங்க நின்னு டாட்டா காட்டுங்கண்ணே. மூணு வாரமா உருண்டைய மறைச்சது உங்க நெழல்தான்."