புதுச்சேரிச் சாமி சொன்ன குறி

"வாழவந்தி நாட்டுச் சனங்களே! கொல்லிமலை உண்டான நாளிலிருந்து எந்தக் காதும் கேக்காத சேதி ஒண்ணு சொல்லப் போறேன். வாயை மூடிக்கிட்டுக் கேளுங்க!"

சோளக்காட்டுச் சந்தையில் ஒரு பாறைமேல் ஏறி நின்று முழங்கினார் ஊர்க்கவுண்டர் செங்கோடன். மிளகு விற்கப் புதுச்சேரி போய் முந்தாநாள்தான் திரும்பியிருந்தார். மூட்டை சுமக்கக் கூடப் போன கருப்பண்ணன் கூட்டத்தின் கடைசியில் குந்தியிருந்தான்.

பக்கத்தில் அவன் பெண்டாட்டி பாவாயி கவுண்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மாமனார் நட்ட பலாமரத்தைத் தன்னுடையது என்று கவுண்டர் பிடித்துக்கொண்டிருந்தார். இன்று பஞ்சாயத்து. தீர்ப்புச் சொல்பவரும் கவுண்டரேதான். வழக்காளியையே மூட்டை சுமக்கவும் கூட்டிப்போயிருந்தார்; வழக்கு வேறு, சுமை வேறு என்பது அவர் கொள்கை.

"அங்க பெரிய மாதா கோயிலு. தூணெல்லாம் தங்கப் பூச்சு. மேல பாத்தா றெக்கை மொளைச்ச கொழந்தைங்க, கொழுகொழுன்னு!"

"மேல துணி உண்டுங்களா?" என்றாள் கூட்டத்திலிருந்த பொன்னாயி.

"தெய்வக் கொழந்தைக்குத் துணி எதுக்கு? குறுக்கப் பேசாதே! ஓரமா ஒரு மரக்கூண்டு. பக்கத்துல சல்லடையாட்டம் ஓட்டை. சனங்க மண்டி போட்டு அதுல குசுகுசுங்கறாங்க. பாத்ததுமே புரிஞ்சுபோச்சு, குறி கேக்கற எடம்! உச்சி வெயில்ல கூட்டம் கலைஞ்சதும் நானும் மண்டி போட்டேன். 'பலாமரம் யாருதுங்க சாமி?'ன்னேன்."

சந்தையே பாறையை நெருங்கி வந்தது.

"உள்ளயிருந்து சாமி பேசுச்சு! அதும் நம்ம மலைப் பேச்சுலயே! அதுக்குத் தெரியாத பாஷையே இல்ல."

"என்ன சொல்லுச்சுங்க?"

கவுண்டர் கனைத்துக்கொண்டார். "'மரம் உன்னுதுதான் செங்கோடா. ஆனாலும் பெரிய மனசு பண்ணிக் கருப்பண்ணனுக்குக் குடுத்துரு. இல்லாட்டி வாய் கோணிப்போகும்'னுச்சு. குடுத்துட்டேன்!"

தருமப் பிரபு என்று சந்தை கும்பிட்டது. கவுண்டர் கண்ணை மூடி அதை ஏற்றுக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பாவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏனுங்க, அந்தச் சாமிய நீங்களும் கும்பிட்டீங்களா?"

"எங்க புள்ள! வெளிய கல்லுத்தரை கொதிச்சுது. உள்ள ஆளில்லாத மரக்கூண்டு ஒண்ணு குளுகுளுன்னு இருந்துச்சு. புகுந்து உக்காந்து கண்ணசந்துட்டேன். கவுண்டர் வந்துதான் எழுப்பினாரு. ஆனா, 'மரம் உன்னுது'ன்னு மட்டும் நான் சொல்லவே இல்ல."