இரண்டு தோளும் ஒரே மட்டம்

"வாத்தியாரே, மறுபடியும் வலது தோள் இறங்குது பாருங்க. அதான் தள்ளாடுறீங்க!"

கோல்ஃப் பயிற்சியாளருக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரை அவருடைய மகள் கொண்டுவந்து சேர்த்த நாளிலிருந்து இதே கூத்துதான். மட்டையை வீசி முடித்ததும் உடம்பின் எடை இடது காலுக்கு வந்துவிட வேண்டும். வாத்தியாருக்கோ அது வலது காலைவிட்டு நகர மாட்டேன் என்கிறது.

"அந்தத் தோள்ல மூட்டை கீட்டை தூக்குனீங்களா?"

"பழகிப்போச்சு தம்பி" என்று வாத்தியார் சிரித்து மழுப்பினார்.

பயிற்சியாளர் விடவில்லை. கால்களை ஒட்டிவைத்து வீசச் சொன்னார். கண்ணாடி முன் நிறுத்தித் தோளை நிமிர்த்திவிட்டார். இன்று ஒருவழியாகப் பலித்தது. பந்து தூரத்தில் போய் விழும்வரை வாத்தியார் ஆணி அடித்தாற்போல் நின்றார்.

"கண்ணாடியைப் பாருங்க! ரெண்டு தோளும் ஒரே மட்டம்!" பயிற்சியாளர் கைதட்டினார்.

பார்த்த வாத்தியாரின் முகம் வாடிப்போனது. மட்டையைக் கீழே வைத்துவிட்டு வலது தோளை மெல்லத் தடவினார்.

"இதைப் பழையபடி ஆக்கிக் குடுக்க முடியுமா தம்பி?"

பயிற்சியாளருக்கு ஒன்றும் புரியவில்லை. பெஞ்சில் இருந்த மகளைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மாவுக்குப் பார்வை கிடையாது சார். ஆளும் குள்ளம். அப்பாவோட அந்தத் தோளைப் பிடிச்சுக்கிட்டுதான் நடப்பாங்க. அவங்க கைக்கு எட்டணுமேன்னு அப்பா அதை இறக்கியே வெச்சிருப்பாரு. அம்மா போனதுக்கு அப்புறமும் ஏத்தவே இல்ல."