முந்திப் பதிந்தவர்

"உங்க சோப்புப் பேரை நீங்க ஏற்றுமதி பண்ணப்போற நாட்டுல யாரோ ஏற்கெனவே பதிஞ்சுட்டாங்க மேடம். அங்க முதல்ல பதிஞ்சவங்களுக்குத்தான் பேர் சொந்தம்" என்றார் வக்கீல்.

சோப்புக் கம்பெனிக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கப்பலேறக் காத்திருக்கும் பெட்டிகளை என்ன செய்வது?

"என் பிள்ளை மாதிரி வளர்த்த பேரு சார்! எவ்வளவு கேக்கறாங்களாம்?"

"பைசா வேண்டாமாம். நீங்களே போன் பண்ணிக் கேட்டா எழுதிக் கொடுத்துடுவாங்களாம்."

"திருட்டுல மரியாதை வேறயா? குடுங்க நம்பரை. நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேக்கறேன்."

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"அம்மா! சொல்லாம கல்யாணம் பண்ணிக்கிட்டேன்னு என்கிட்ட பேசறதையே விட்டுட்டே. சோப்புக்காகவாவது பேசுவேன்னுதான் பதிஞ்சு வெச்சேன்."

கேட்க நினைத்ததெல்லாம் சோப்பாய்க் கரைந்துபோனது.

"ஏண்டி கழுதை," என்றாள், "மாப்பிள்ளை எந்த சோப்பு போட்டுக் குளிக்கிறாரு?"