பிரஷாந்தனின் குதிரைப்படை

ஜெலாப்பாங்கில் ரோய்ஸ்டன் வீட்டு மேசைதான் போர்க்களம். பாரிட் புந்தாரிலிருந்து பிரஷாந்தன் கேமரா வழியே சொல்லச் சொல்ல, அவனுடைய பொம்மைப் படையை ரோய்ஸ்டனின் மனைவி ஷார்மேன் எதிரே உட்கார்ந்து நகர்த்துவாள். அவள் இறந்தபின் இதுதான் முதல் ஆட்டம். இனி இரண்டு படைகளையும் ரோய்ஸ்டனே நகர்த்த வேண்டும்.

"குதிரைப்படை ஆறு இன்ச் முன்னால, மச்சான்."

ரோய்ஸ்டன் மேசையைச் சுற்றி வருவதற்குள், "ஆ, அங்கதான். சரியா வச்சிட்ட" என்றான் பிரஷாந்தன்.

ரோய்ஸ்டன் அளந்து பார்த்தான். குதிரைப்படை ஆறு இன்ச் நகர்ந்திருந்தது. தன் இடத்துக்குத் திரும்பினான்.

"இப்ப உன் பீரங்கி சுட்டா ஆட்டம் முடிஞ்சிச்சு. சுடு லா."

ரோய்ஸ்டன் பீரங்கியைப் பின்னால் இழுத்து வைத்தான்.

"ஏன்டா, ஜெயிக்க வேணாமா?"

"உன் முறை. சொல்லு" என்றவன், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.