மாமியாரின் முழங்கால் வலி

ஒரே மகன் மிலூத் ஊருக்கு வந்த அன்றைக்குச் சாயங்காலமே ரக்கியாவுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது.

"ராத்திரியில எழுந்திருக்க முடியலடா. உன் பெண்டாட்டி என் அறையிலயே படுத்துக்கட்டும்."

மிலூத் தேநீரைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தான். நஜ்வா தலையைக் குனிந்துகொண்டாள்.

கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவனுக்கு அகாதிர் துறைமுகத்தில் மீன்பிடிக் கப்பலில் வேலை. இந்த முறை இரண்டு வாரம் விடுப்பு. இந்த நேரம் பார்த்தா வலி வரவேண்டும்? தரூதந்த் ஊரில் மாடிக்கு மாடி பேச்சு பரவியது. மகனை விட்டுக்கொடுக்க ரக்கியாவுக்கு மனசு வரவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி நஜ்வாவின் காதில் விழும்படியே சொல்லிச் சிரித்தாள்.

நஜ்வாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கணவனிடம் தனியாக ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது.

போன வாரம், நீர் போகும்போது எரிகிறது என்று யாருக்கும் தெரியாமல் சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தாள். ஹம்மாமில் உட்கார்ந்த கல்லிலிருந்து தொற்றியிருக்கும் என்று அவளே காரணமும் சொன்னாள். ஊரில் எல்லோரும் சொல்வது அதுதான். தெருவுக்கு ஒரே பொதுக் குளியல்கூடம், அந்த ஹம்மாம். பகலில் பெண்கள், இருட்டினால் ஆண்கள். பழி போட வாகான இடம்.

சோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா மெதுவாகத் தலையாட்டினார்.

"கல்லுல இருந்து இது வராதும்மா. படுக்கையிலதான் வரும். மாத்திரை போட்டா குணமாயிடும். ஆனா அவரும் போடணும். ரெண்டு பேரும் முடிக்கிற வரைக்கும் சேரக்கூடாது. கவனிக்காம விட்டா கருக்குழாய் அடைச்சுக்கும். அப்புறம் குழந்தைக்கு ஏங்க வேண்டியிருக்கும்."

மாத்திரைகளை மருதாணி டப்பாவுக்குள் ஒளித்து வைத்து, வேளை தவறாமல் விழுங்கினாள். அவளுக்குத் தெரிந்த ஆண் மிலூத் ஒருவன்தான். அப்படியானால்? கேட்கப் போய், நீ எங்கே போனாய் என்று அவன் திருப்பிக் கேட்டுவிட்டால்?

மாமியாரின் அறையில் படுத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்ப்பாள். பாதியில் தூங்கிப்போவாள். கனவில் கடல் முழுக்க வெள்ளையாக ஆவி. அதில் மிதக்கும் கப்பலில் ஒரு குழந்தை, முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும். கூப்பிடுவாள். அது திரும்பாது.

மூன்றாம் நாள் காலை, முழங்காலை டாக்டரிடம் காட்ட வேண்டும், கையைப் பிடித்துக் கூட்டிப் போ என்று ரக்கியா மகனை அழைத்துக்கொண்டு போனாள்.

மதியம் திரும்பினார்கள். மிலூத் கையில் மருந்துப் பை. முகம் வெளுத்திருந்தது. யாரையும் பார்க்காமல் முற்றத்து ஆரஞ்சு மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

ரக்கியாவின் குரல்தான் மாடிவரை கேட்டது. "ஹம்மாம் கல்லுல ஏதோ தொத்தாம். இவனுக்கு மாத்திரை வாங்கியாச்சு. நஜ்வா, நீயும் போடணும்."

நஜ்வாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே ஒரு கசப்பும். மகன் மேல் தூசு படக்கூடாதென்று கல்லின் மேல் பழியைப் போட்டுவிட்டாளே!

மகன் மாத்திரையை விழுங்கும்வரை ரக்கியா தினமும் எதிரிலேயே நின்றாள். முழங்கால் வலி மட்டும் குறையவில்லை.

மருந்து முடிந்த மறுநாள், மாமியாரும் மருமகளும் ஹம்மாமுக்குப் போனார்கள். அங்கே கொப்பரையில் மொண்ட வெந்நீர் வாளிகளை ரக்கியா இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

"முழங்காலுக்கு என்ன மருந்துடி போட்டே? எனக்கும் சொல்லேன்" என்றாள் ஹம்மாம் வாசலில் காசு வாங்கும் ஹன்னியா.

உள்ளே ஒரே ஆவி. கூரைத் துளைகளிலிருந்து வெளிச்சம் தூண் தூணாக இறங்கியிருந்தது. பக்கத்தில் இருப்பவர் முகம்கூடக் கனவில் கண்டது போல மங்கலாகத் தெரிந்தது. ரக்கியா கறுப்புச் சோப்பைக் குழைத்து மருமகளின் முதுகில் தேய்த்தாள்.

முகம் தெரியாத தைரியத்தில் நஜ்வா வாய் திறந்தாள். "அத்தை, இது கல்லுல இருந்து வராதாம்."

"தெரியும். பக்கத்து வீட்டுக்காரி காதுக்காக அப்படிச் சொன்னேன். அவன்கிட்ட டாக்டரம்மா நேருக்கு நேரா சொல்லிட்டாங்க. ஆணுறையைப் பத்தியும் சேர்த்துத்தான். நேத்து என்கிட்ட அழுதான். உன்கிட்ட மன்னிப்புக் கேட்கணுமாம். கேட்டதும் குடுத்துடாதே, கொஞ்சம் அலைய விடு."

"உங்களுக்கு எப்படி அத்தை..."

"வேளாவேளைக்கு மருதாணி டப்பாவைத் திறக்கிறவளை நான் எங்கடி பார்த்திருக்கேன்? உள்ள மாத்திரையைப் பார்த்ததும் புரிஞ்சுபோச்சு."

"அப்போ அந்த முழங்கால் வலி?"

ரக்கியா ஒரு செம்பு வெந்நீரை அவள் தலையில் ஊற்றினாள். நீர் வழியும் சத்தத்துக்குள் அவள் குரல் எங்கோ தூரத்திலிருந்து வருவது போல் கேட்டது.

"அந்தக் காலத்துல என் மாமியாருக்கும் இப்படி ஒரு முழங்கால் வலி வந்திருந்தா, மிலூத்துக்குக் கூடப்பிறந்தவங்க நாலு பேராவது இருந்திருப்பாங்கடி."