அடக்கமான பிள்ளை

"பக்கத்து வீட்டு சித்ரலேகாவைப் பத்தி ரெண்டு வார்த்தை கேக்கணும். உள்ள வரலாமாம்மா?"

வாசலில் நின்றவர்களைப் பார்த்ததும் இன்பமணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெரியவர். அவர் பக்கத்தில் மடிப்புக் கலையாத சேலையில் ஒரு அம்மாள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுப் படியேறும் முன்னால் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது வழக்கம்தானே. இதை விக்கிரமசிங்கபுரத்தில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"வாங்க அண்ணாச்சி, வாங்க மதினி. இருங்க, காப்பி போடுதேன்."

அடுப்படியில் நின்றபோது, போன தை மாதம் எதிர்வீட்டுக்காரி செய்த காரியம் அவளுக்கு நினைவு வந்தது. தென்காசியிலிருந்து இதேபோல் சித்ரலேகாவைப் பற்றி விசாரிக்க வந்தவர்களிடம், "பொண்ணா அது? ஆம்பளை கணக்கா பஸ்ஸு பஸ்ஸா ஏறி இறங்குது. வாயைத் திறந்தா மூடாது" என்று கூசாமல் சொல்லிவிட்டாள். வந்தவர்கள் அப்படியே திரும்பிப் போனார்கள். அப்பனைப் பறிகொடுத்த பிள்ளை. அன்றைக்கு அதன் தாய் அழுத அழுகையை நினைத்தால் இப்போதும் இன்பமணிக்கு வயிறு எரிந்தது. இந்தத் தடவை அப்படி நடக்க விடமாட்டாள்.

"என் பேரு குமரகுருபரன். இவங்க விஜயஸ்ரீ" என்றார் பெரியவர், காப்பியை வாங்கிக்கொண்டே. "நாங்க இன்னைக்கே ஒரு முடிவுக்கு வந்தாகணும். கல்லிடைக்குறிச்சியில இன்னொரு பிள்ளையும் இருக்கு. அதனால ஒளிவு மறைவு இல்லாம சொல்லுங்க."

"கேளுங்க அண்ணாச்சி."

"நாலு பேருகிட்ட பேசிப் பழகுமா?"

"சேச்சே! அவ இருக்குத இடமே தெரியாது. அவ்வளவு அடக்கமான பிள்ளை."

"தனியா வெளியூருக்குப் போயிட்டு வருமா?" என்று கேட்டாள் விஜயஸ்ரீ.

"பாபநாசம் கோயிலுக்குக்கூட தாய் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் போவா மதினி. இப்பவும் ரெண்டு பேரும் அங்கனதான் போயிருக்காவ."

உண்மையில் தாய் பீடி இலை வாங்கப் போயிருந்தாள். சித்ரலேகா காலையிலேயே திருநெல்வேலி பஸ்ஸில் தனியாக ஏறிப் போனதை இன்பமணி தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள்.

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிடித்துப் போய்விட்டது என்று இன்பமணிக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

"நாங்க கேள்விப்பட்டது வேற மாதிரி இருக்கே" என்று இழுத்தார் குமரகுருபரன். "அம்பாசமுத்திரத்துல ஒரு ரைஸ்மில் முதலாளி சொன்னாரு. யாரோ ஒரு பையனுக்கு வேலை கேட்டு இந்தப் பிள்ளை அவருகிட்ட மல்லுக்கு நின்னுச்சாமே?"

இன்பமணிக்குப் பகீரென்றது. அந்தப் பையன் அவளுடைய மகன் சங்கிலிபூதத்தான்தான். நூல் மில்லில் இடம் கிடைக்காமல், பம்பாய்க்கு ரயிலேறப் போகிறேன் என்று பெட்டி கட்டியவனை அம்பாசமுத்திரத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள் சித்ரலேகா. "ஆளு இல்லைன்னு வெளியூர்ல தேடுதீயளே, இங்கன நிக்குத இவனுக்கு என்ன குறை?" என்று முதலாளியை மடக்கி, அன்றைக்கே வேலையில் சேர்த்துவிட்டுத்தான் திரும்பினாள். அந்த ஒற்றைப் பிள்ளை இன்றைக்குப் பெற்றவள் கண்ணெதிரே இருக்கிறான் என்றால் அது சித்ரலேகாவால்தான்.

அந்த நன்றியை இப்போது காட்டாமல் வேறு எப்போது காட்டுவது?

"அது வேற பிள்ளையா இருக்கும் அண்ணாச்சி. எம் மவன் மேல சத்தியமாச் சொல்லுதேன், இவ ஒரு ஆம்பளைய நிமிந்துகூட பாக்கமாட்டா."

பெற்ற பிள்ளை மேல் பொய்ச்சத்தியம். ஒரு பெண்ணின் வாழ்க்கைக்காகத்தானே, சாமி பொறுத்துக்கொள்ளும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

குமரகுருபரன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "நல்லவேளை, உங்ககிட்ட கேட்டோம். ரொம்ப உபகாரம்மா. வாரோம்."

"நல்ல சேதியா சொல்லி அனுப்புங்க மதினி!"

விஜயஸ்ரீ தலையை மட்டும் அசைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

சாயங்காலம் சித்ரலேகா தெருமுனையில் திரும்பும்போதே இன்பமணி எழுந்து நின்றாள். சொல்லத் துடித்த சேதியைச் சொல்வதற்குள் அந்தப் பெண் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, எனக்கு வேலை கிடைக்கப் போவுது! கிடைச்ச பொறவு சொல்லலாம்னுதான் யாருகிட்டயும் மூச்சு விடல."

"வேலையா? என்ன வேலைட்டி?"

"வேலை தேடுத பிள்ளைகளையும் நம்ம பக்கத்து முதலாளிமாரையும் சேத்துவைக்க பாளையங்கோட்டையில ஒரு ஆபீஸ் திறந்திருக்காவ. இன்னைக்கு அங்கதான் போயிட்டு வாரேன். ஊரு ஊராப் போவணும், முதலாளிமாருகிட்ட துணிஞ்சு பேசணும். அதுக்கு ஒரு ஆளு வேணுமாம். அந்த ரைஸ்மில் முதலாளியே எம் பேரைச் சொல்லியிருக்காரு."

இன்பமணி அவள் பிடியிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள்.

"குமரகுருபரன்னு ஒரு சாரும் ஒரு அம்மாவும் இன்னைக்கு நம்ம தெருவுல விசாரிக்கக் கிளம்பியிருக்காவளாம். இங்கன வந்தாவளா அத்தை? பூதத்தானுக்காக நான் சண்டை போட்டது நெசந்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், வேலை எனக்குத்தான்."