கீழ் டிராயர்

"கையெழுத்து எங்கயும் ஓடிப்போயிடாது. முதல்ல தண்ணியக் குடிம்மா" என்று எம்.எல்.ஏ. தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். பெற்ற தகப்பன்கூட இவ்வளவு பதமாகப் பேசியதில்லை. அந்த ஆபீசின் டைப்பிஸ்ட் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மேசையில் வக்கீல் கொண்டுவந்த ஒற்றைத் தாள். 'பாலம் தொடர்பாக வந்த மனுவை எம்.எல்.ஏ. பார்வைக்கு வைக்காமல் மறைத்தது நான்தான்.' அவ்வளவுதான் வாசகம். கீழே, அவள் பெயருக்கு மேல், ஒரு கோடு காலியாகக் கிடந்தது.

ஆற்றின்மேல் இருந்த நடைபாலம் இடிந்து பதினோரு பேர் போய் நாலு வருஷம் ஆகிறது. 'மனுவை விழுங்கிய எம்.எல்.ஏ.' என்று எதிர்க்கட்சிக்காரர்கள் சுவர் விடாமல் எழுதினார்கள். "என் மேசைக்கு அப்படி ஒரு தாளே வரலை" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டாலும் யாரும் நம்பவில்லை. இப்போது எம்.பி. தேர்தல். பழியைக் கழுவிக்கொண்டு வந்தால்தான் சீட்டு என்று தலைமை சொல்லிவிட்டது. பத்திரிகைக்காரர்கள் வெளிக்கூடத்தில் காத்திருந்தார்கள்.

அந்த மனுவை எழுதியவன் அவளுடைய அண்ணன்.

பாலத்து முனையில் குடை ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். தெருவிளக்கு, சாக்கடை, உடைந்த குழாய் என்று வாரத்துக்கு ஒன்று எழுதிக்கொண்டு வந்து நிற்பான். "மனு மன்னர் வர்றாரு, எல்லாரும் எழுந்து நில்லுங்க!" என்று டிரைவர் கத்துவார். அவன் போனதும் அதை அவன் குரலிலேயே வாசித்துக் காட்டுவார். ஆபீசே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அவன் தன் அண்ணன் என்று அவள் அங்கே யாரிடமும் சொன்னதில்லை. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அதுதான் இன்றைக்கும் அறுக்கிறது.

வாராவாரம் எழுதுகிறவர்களின் மனுவுக்கு அங்கே தேதி முத்திரை கிடையாது. முத்திரை விழுந்தால் பதிவேட்டில் ஏறும். ஏறினால் பதில் போட்டாக வேண்டும். அதனால் நேரே கீழ் டிராயர்தான்.

கடைசியாக வந்தபோது, "இதையாவது சார் கண்ணுல காட்டு பாப்பா. இது விளையாட்டில்ல" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"வீட்டுல பேசிக்கலாம், கிளம்புண்ணே" என்று பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினாள். பிறகு ஒரே ஒரு முறை படித்தாள். 'நாலாவது தூண் விரிசலில் குடைக்கம்பி ஒரு சாண் உள்ளே போகிறது ஐயா.' அளந்து பார்க்க அவன் கையில் வேறு என்ன இருந்தது? அதற்குள் டிரைவரின் செருப்புச் சத்தம் கேட்டது. கீழ் டிராயரில் போட்டு மூடிவிட்டாள்.

ஒன்பதாம் நாள் பாலம் விழுந்தது. அண்ணன் அதன்மேல் இருந்தான்.

காரியங்கள் முடிந்து வந்து டிராயரைத் திறந்தால் அந்தத் தாள் இல்லை. பெருக்குகிற அம்மா பழைய பேப்பரோடு அள்ளிக்கொண்டு போயிருப்பாள் என்று நினைத்தாள். விசாரணையில், "அப்படி எதுவும் வரலை" என்று வாய் கூசாமல் சொன்னாள். பாலத்தைப் பற்றி எழுதிக் கொடுத்தார் என்பது மட்டும்தான் அண்ணிக்குத் தெரியும். உள்ளே தான் படித்த அந்த வரியை இவள் நாலு வருஷமாக எந்த ஜீவனிடமும் சொல்லவில்லை. வெயில் காலத்தில்கூட யாராவது குடை விரித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

நேற்றுத்தான் தாங்க முடியாமல் இந்த அறைக்கு வந்தாள். "பாலத்து மனுவ எழுதினது என் அண்ணன், மறைச்சது நான் சார்" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அதற்குமேல் அழுகை. அவர் ஒரு அதட்டல்கூடப் போடவில்லை.

"நாளைக்குப் பேப்பர்ல பார்த்தா எங்க அண்ணி என் மூஞ்சில முழிப்பாங்களா சார்?"

"முழிப்பாங்க. நானே வந்து பேசறேன். உன் வேலைக்கும் ஒண்ணும் வராது, அது என் பொறுப்பு."

"நாலு வருஷமா உங்களைக் காறித் துப்பினாங்களே சார். அத்தனையும் எனக்கு வந்திருக்க வேண்டியது."

"விடும்மா. தோல் தடிப்பா இல்லேன்னா இந்தத் தொழில்ல ஒரு நாள் தாங்குமா?" என்று சிரித்தார். தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை மூடி கழற்றி நீட்டினார்.

வாங்கிக்கொண்டாள். இப்படிப்பட்ட மனுஷனையா ஊர் முன்னால் நிற்க வைத்தோம் என்று நினைத்தபடி தாளை அருகே இழுத்தாள். முதல் எழுத்தைப் போட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் தாளில் விழுந்தது.

"அட, இன்னும் அழுவுறியே. உன் அண்ணனே என்ன செஞ்சாரு சொல்லு? குடைக்கம்பி ஒரு சாண் உள்ள போகுதுன்னு தெரிஞ்சும் தினம் அதே பாலத்துலதானே நடந்தாரு? விதிம்மா. நீ என்ன, நான் என்ன பண்ண முடியும்? ம், போடு."

பேனா முதல் எழுத்திலேயே நின்றது. வெளிக்கூடத்தில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அவள் தாளிலிருந்து தலையைத் தூக்கி, நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவர் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"குடைக்கம்பின்னு உங்களுக்கு யார் சார் சொன்னா?"